அக்காவின் ஜெபப் பட்டியலுக்குப் புது பேட்டரி

என் பிரியமான கிரேஸ் அக்கா,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபின் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள்: உங்கள் வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், கழக்கூட்டம் ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் மகள் ஜெபா, பெண்கள் சங்கத்து ரோஸ்லெட் டீச்சர், கிழக்கேகோட்டையில் மொபைல் பழுதுபார்க்கும் ஷாஜி, உங்கள் கொழுந்தனைக் கட்டிய நான். ஐந்து பேர். என் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "இதுக்கு இத்தன பேரா? என்ன, ஆபரேஷனாக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவரை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

ஆபரேஷன்தான் அக்கா. மேஜை நடுவில், வெள்ளைத் துண்டின்மேல் உங்கள் கையடக்கக் கணினி கிடந்தது.

உங்களுக்குத் தெரியும், நம் சபை இதழில் இதைப் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியாதே, அதனால் சொல்கிறேன். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், எழுத ஒரு குச்சி. கைபேசியில் எல்லாம் வருவதற்கு முன்னால் உங்கள் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. நீங்கள் அதில் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, ஜெபப் பட்டியல். தமிழ் எழுத்து அதில் வராது என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகக் கீறுவீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். கேட்டது கிடைத்தால் டிக். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். கேட்டவர் தம் வாயால் சாட்சி சொல்லவேண்டும். அதுவரை உங்கள் குச்சி அந்தக் கட்டத்தைத் தொடாது. "பெரியம்மா ஆண்டவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புது" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

உங்களை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அத்தான் அதை என்னிடம் நீட்டினார். "லில்லி, இதுல சார்ஜ் முழுசா எறங்கிச்சுன்னா உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சு போவுமாம். உங்க அக்கா ஒரு நாளும் எறங்க விட்டதில்ல. எல்லாத்துக்கும் நோட்டுப் போடுறவ நீதான். நீ வச்சிக்கோ."

வாங்கிக்கொண்டேன். நாம் இருவரும் ஆறு வருஷமாக மனம்விட்டுப் பேசவில்லை என்று தெரிந்துதான் தந்தாரா? இன்றுவரை கேட்கவில்லை.

எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையால் வந்தது. அதற்கு முந்தின நாள், நம் இரண்டு அடுக்களைக்கும் நடுவிலுள்ள கதவில் நின்று, எபி இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததை உங்களிடம் மட்டும் சொன்னேன். அவன் அப்பாவுக்குக்கூட அப்போது தெரியாது. ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், பதினேழு பெண்கள் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு உருகி ஜெபித்தீர்கள். "படிப்ப விட்டுட்டு வந்து நிக்கிற எங்க எபிய கண்ணோக்கும் ஆண்டவரே." எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அன்று சாயங்காலம் அந்தக் கதவுக்குத் தாழ் போட்டேன். கூட்டத்துக்கும் போகவில்லை. தண்ணீர் வருகிறதா, கேஸ் வந்ததா, அதோடு சரி. ஒருநாள் மதில் ஓரமாக வந்து, "லில்லி, ஒரு நிமிஷம் நில்லு பிள்ளே" என்றீர்கள். "அடுப்புல பால் வச்சிருக்கேன் அக்கா" என்று உள்ளே போய்விட்டேன். நீங்கள் படுக்கையில் விழுந்தபின் தினம் கஞ்சி கொண்டுவந்தேன். அதையும் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் கொண்டுவந்தேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று எபியிடம் கேட்டேன். "எழுதுங்கம்மா, இனி என்ன" என்றான். இந்த முறை அவனிடம் கேட்டாயிற்று.

உங்கள் கணினி வந்த நாள்முதல் ஒரு நோட்டுப் போட்டேன். காலை ஆறரைக்குச் சார்ஜ் எத்தனை, மாலை ஆறரைக்கு எத்தனை. பட்டியலில் அறுபத்து மூன்று விண்ணப்பங்கள் இருந்தன. கடமைக்கென்றுதான் ஜெபிக்கத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் பார்த்தால், முகம் தெரியாத ஒருத்தியின் முட்டுவலி குறைந்ததா என்று சமைக்கும்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு வருஷத்தில் ஆறு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். உங்கள் சட்டப்படி ஆறு டிக்.

மழை தொடங்கியபோதுதான் பயம் பிடித்தது. நோட்டைப் பார்த்தால் ஒன்பது நாள் நின்ற சார்ஜ் இரண்டு நாளாகி, பிறகு அரை நாளாகியிருந்தது. பின்மூடி பூரி போல உப்பிக்கொண்டு வந்தது. சார்ஜ் போடும் பழைய தாங்கி எப்போதோ செத்துப்போய், ஜெபா தேடி வாங்கித் தந்த ஒரு புது வயரில் ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் போனால் இருக்கட்டும் என்று ஒரு பவர் பேங்கும் தந்தாள். அதுவோ, இது இழுக்கிற துளி மின்சாரத்தைப் பார்த்து, எதுவுமே மாட்டியில்லை என்று நினைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் தானே அணைந்துவிடும். மறுபடி பொத்தானை அமுக்கவேண்டும். ஒரு மழைநாளில் மூன்று மணிநேரம் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

"சித்தி, போன்ல இதே மாதிரி ஆப் இருக்கு. அறுபத்தி மூணையும் நான் டைப் பண்ணித் தாறேன், போராதா?" என்று கேட்டாள் ஜெபா.

"உங்க அம்மா கையால போட்ட டிக்க எப்பிடி மக்களே டைப் பண்ணுவ?"

அவள் அந்த வாரமே பேட்டரி தேட ஆரம்பித்தாள்.

பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் நகல் எடுக்கவேண்டும். ஜெபா வாங்கிவந்த புதுக் கார்டு அறுபத்து நாலு ஜி.பி.; அப்படியொன்று உள்ளே இருப்பதாகவே உங்கள் கணினி ஒத்துக்கொள்ளவில்லை. என் பழைய பட்டன் போனிலிருந்த ஒரு ஜி.பி. கார்டை, நகம் அளவுதான் இருக்கும், ஒரு கார்டு உறைக்குள் செருகிப் போட்டோம். உடனே ஒத்துக்கொண்டது.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் உட்கார்ந்தோம். நகல் எடுத்தாயிற்று. ஷாஜி பின்மூடியைத் திறந்து, ஏதோ பாட்டுக் கேட்கும் கருவிக்கென்று வந்த புது பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, பழைய பேட்டரியின் வயரில் கையை வைத்தான். "ஊரட்டே சேச்சி? பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் கேட்டு என்னைப் பார்த்தான். கழற்றட்டுமா, பயப்படவேண்டாம் என்கிறான்.

"அரை நிமிஷம் பொறு" என்றேன்.

"நான் வேணும்னா சத்தமா ஒரு ஜெபம் பண்ணட்டா?" என்றார் ரோஸ்லெட் டீச்சர். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம், மனசுக்குள்ளயே பண்ணுகேன்."

கழற்றினான். புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். பொத்தானை அமுக்கியதும் திரை வெளுத்து, நடுவில் கூட்டல் குறிபோல ஒன்று வந்தது.

"சிலுவ வருது பிள்ளே!" டீச்சர் எழுந்தேவிட்டார்.

"அய்யோ டீச்சரே, அது நடுவுல தொடச் சொல்லுது. ஸ்க்ரீன் சரியா இருக்கான்னு பாக்க" என்றாள் ஜெபா.

"ரெண்டும் ஒண்ணுதான். தொடு லில்லி" என்றார் அத்தான்.

தொட்டேன். பட்டியலைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஜெபா கார்டைச் செருகி, நகலைத் திரும்ப எடுத்தாள். ஒரு கோடு மெதுவாக நிரம்பியது. வந்துவிட்டது அக்கா. உங்கள் டிக்குகள், என் ஆறு டிக்குகள், எல்லாம்.

நான் எண்ணினேன். தொண்ணூற்றொன்று. மறுபடி எண்ணினேன்.

"ஜெபா, கூடுதலா இருக்கே. நோட்டுல அறுபத்தி மூணுதான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். "இது இருபத்தெட்டும் அம்மா பூட்டுக் குறி போட்டு மறைச்சு வச்சது சித்தி. இப்ப எல்லாம் புதுசா தொடங்கினதால மறைக்கிற செட்டிங் போயிட்டு. அதான் தெரியுது."

பூட்டியவற்றில் மிகப் பழையது அந்த வியாழக்கிழமைத் தேதியில் இருந்தது. எபியின் பெயர். கூட்டம் முடிந்து வந்தபின்தான் பூட்டியிருப்பீர்கள், இல்லையா? அதன் கட்டத்தில் டிக் இருந்தது. நான் சாட்சி சொல்லவில்லையே என்று எபிக்குப் போன் போட்டேன். ஐ.டி. பார்க்கில் ஏதோ லிஃப்ட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். "இந்த வேலை கிடச்ச அன்னிக்கே நான் பெரியம்மாட்டதான் மொதல்ல சொன்னேன். அத உங்கட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல" என்றான்.

அதற்கடுத்தது சனிக்கிழமைத் தேதி. "லில்லி என்னை மன்னிக்கணும்." கட்டம் காலியாக இருந்தது.

"அந்தக் கூட்டத்துக்கப்புறம் கிரேஸு யாரு பேரும் சத்தமா சொன்னதே இல்ல. 'நீர் அறிவீர்'னு மட்டும் சொல்லும். நீ வந்திருந்தாத்தான தெரியும்?" என்றார் டீச்சர். அவர் திட்டவில்லை, ஆனால் எனக்குத் திட்டு மாதிரிதான் இருந்தது.

மற்ற இருபத்தாறையும் நான் படிக்கவில்லை. ஜெபாவிடம் சொல்லி, எபியுடையதையும் சேர்த்துத் திரும்பப் பூட்டிவிட்டேன். அவை உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கட்டும். என்னுடையதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். நோட்டில் இப்போது அறுபத்து நான்கு.

இந்தக் கடிதம்தான் என் சாட்சி. சத்தமாகவே சொல்கிறேன், சபை முழுக்கக் கேட்கட்டும். அக்கா, நான் உங்களை மன்னித்துவிட்டேன். என்றைக்கு என்று கேட்காதீர்கள், அது மட்டும் என் நோட்டில் இல்லை. அன்றைக்கு மதில் ஓரத்தில் நீங்கள் கூப்பிட்டபோது அடுப்பில் பால் இல்லை. நீங்களும் என்னை மன்னிக்கவேண்டும்.

சார்ஜ் இறங்க விடமாட்டேன், இது வாக்கு. ஷாஜி இன்னொரு பேட்டரியும் தந்திருக்கிறான். அடுக்களைக் கதவின் தாழையும் எடுத்தாயிற்று. அத்தான் அந்த வழியாகத்தான் இப்போது காப்பிக்கு வருகிறார்.

குச்சி கையில் இருக்கிறது. கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் கை போடவேண்டிய டிக், நான் போடலாமா? சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கள்.

அடுத்த அடுக்களையிலிருந்து,
உங்கள் தங்கச்சி
லில்லி