பியூலா கொடுக்காத சாவி

முடிச்சூர்,
8 ஆகஸ்ட் 1993

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

ஹில்டா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் மகளும் சுகம். மஸ்கட்டில் வெயில் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையாவிட்டாலும் குறைந்துவிட்டது என்றுதான் நீங்கள் எழுதுவீர்கள். போன கடிதம் கிடைத்தது. கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் பிரேக் சரியில்லை, மலை இறங்கும்போது எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து ஜெபிக்கிறோம் என்று எழுதியிருந்ததை பியூலாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் சிரித்தேன். அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு முறை வாசித்தாள்.

நேற்று பெண் பார்க்க வந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா சுவிசேஷமுத்து சார் இந்நேரம் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய், அங்கே உங்கள் கேம்ப் பாஸாக இருக்கும் தன் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அந்தத் தம்பி கொண்டுவந்த சம்பந்தம்தானே இது. அவர் உங்களைக் கூப்பிட்டுக் கத்திய பிறகுதான் என் கடிதம் வந்து சேரும். பிந்தி வந்தாலும் முழுசாக வரும்.

செங்கல்பட்டிலிருந்து சொந்த வேனில் குழந்தைகளோடு குடும்பமாக வந்தார்கள். மாப்பிள்ளை அசரியா அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவருடைய அம்மா பியூலாவின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார்கள். காலையில் எலுமிச்சம்பழமும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தும் அந்தக் கறுப்பு முழுசாகப் போகவில்லை. ஆட்டோமொபைல் படிப்பு என்று நான் சொன்னேன். கார் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலையா என்று கேட்டார்கள். நான் கேசரி இன்னும் கொஞ்சம் வைத்தேன். நர்சிங்கில் போடலாம் என்று அன்றைக்கே சொன்னவள் நான். பாலிடெக்னிக்கில் எந்த சீட் கிடைக்கிறதோ அதில் சேர் என்று எழுதியவர் நீங்கள். கிடைத்தது இது.

பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. டிசம்பரில் நீங்கள் லீவில் வந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சுவிசேஷமுத்து சார் எழுந்து நின்று பயண ஜெபம் பண்ணினார். நீளமான ஜெபம். அவர்கள் வீட்டு வழக்கம், ஜெபம் முடிந்து கிளம்பினால் வழியில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்க மாட்டார்களாம்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். கார் வாங்கினால் நிறுத்த வேண்டும் என்று நீங்கள் போடச் சொன்ன சிமெண்டுத் தரையில்தான் வேன் நின்றது. விருந்தாளிகள் வருகிறார்களே என்று காலையில் அதைக் கழுவி விட்டிருந்தேன். பின்சக்கரத்துக்குக் கீழே கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மண் தரையாக இருந்தால் உறிஞ்சியிருக்கும், நிம்மதியாக இருந்திருப்போம். பட்டுப்புடவையோடு குனிந்து, அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள் உங்கள் மகள். நேரே டிரைவர் கதவைத் திறந்து ஏறி பெடலை மிதித்தாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"பெடல் அடி வரைக்கும் போகுது அங்கிள். பிரேக் ஆயில் ஒழுகுது. இதுல யாரும் ஏறாதீங்க" என்றாள்.

இதே வேனில்தான் வந்தோம், கொண்டுவந்த கர்த்தர் கொண்டுபோய் விடுவார் என்றார் சுவிசேஷமுத்து சார். டிரைவர் சின்னப்பனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் போலிருக்கிறது. "கொஞ்சம் லீக்கு கீது பாப்பா, நான் பாத்து மெதுவா ஓட்டிகினு பூடுவேன், சாவியக் குடு" என்றான். அவள் கொடுக்கவில்லை. சுவிசேஷமுத்து சார் முதலில் சிரித்துக் கேட்டார், பிறகு கையை நீட்டிக்கொண்டு நின்றார். நானும் கேட்டேன். கொடுக்கவில்லை. அந்த நிமிஷம் அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

பியூலாவின் பாலிடெக்னிக் ஒர்க்ஷாப்பில் பாடம் எடுக்கும் பட்டாபிராமன் சார் ஒரு விதி வைத்திருக்கிறார். வண்டியில் பழுதைக் கண்டவர்தான் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். சரியாகும்வரை யார் கேட்டாலும் தரக் கூடாது. அவரே வந்து கெஞ்சுவார், அதட்டுவார், பிரின்சிபால் கூப்பிட்டார் என்று பொய் சொல்வார். கொடுத்துவிட்டால் செய்முறை மார்க் கிடையாது. பையன்களெல்லாம் ஒரு தடவையாவது ஏமாந்திருக்கிறார்கள், நான் ஏமாந்ததே இல்லை என்று அவள் சாப்பிடும்போது பெருமையடித்துக்கொள்வாள். சம்பந்தி ஆகப்போகிறவர் கையை நீட்டியபோதும் அந்தப் பழக்கம்தான் நின்றது.

கடைசியில் எல்லாரும் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் ஏறினார்கள். குழந்தைகளுக்கு மட்டும் சந்தோஷம். வேன் நம் வாசலில் நிற்கிறது. ஜெபத்துக்குப் பிறகு வண்டியைத் தடுத்தவள் எங்கள் வீட்டுக்கு விளங்க மாட்டாள் என்று அந்த அம்மா என் காதுபடச் சொன்னார்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் உடனே எழுதாமல், ஒரு நாள் பொறுத்துப் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஹில்டா


முடிச்சூர்,
12 செப்டம்பர் 1993

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஒரு நாள் பொறுக்கவில்லை என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

வேன் போய்விட்டது. போன கடிதத்தை நான் எழுதி முடித்த அன்றைக்கே, ஆராதனை முடிந்து அசரியா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் சக்கரத்தைக் கழற்றி உள்ளே ரப்பர் கிழிந்திருந்ததைக் காட்டி, புதிது மாற்றினான். பியூலா பக்கத்தில் நின்று எல்லாம் பார்த்து, பெடலை மிதித்து, அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். அப்பா ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்று அசரியா சொன்னார். காபி குடித்தார். கிளம்புமுன் அவரும் ஒரு முறை பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பையன்தான், அப்பாவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை.

நீங்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் அவளுக்கு வாசித்தேன். செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசி செமஸ்டரை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை என்றும், படிப்பு எங்கே போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேம்ப் பாஸ் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, டிசம்பர் லீவு கிடைக்காது போலிருக்கிறது என்றும் இருக்கிறது. உங்களைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வரியை வாசித்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"வரேம்மா. கைய நீட்டினவர நிக்க வெச்சதுக்கு ஸாரி சொல்றேன். ஆனா நாளைக்கும் அப்படி ஒரு வண்டி நின்னா சாவிய எடுப்பேன்னு அதையும் சேத்துச் சொல்லுவேன்" என்றாள்.

சொல்லுவாள் என்று உங்களுக்கும் தெரியும். ஆகவே நாங்கள் செங்கல்பட்டுக்குப் போகவில்லை. போவதாகவும் இல்லை. இந்தச் சம்பந்தம் இத்தோடு போகட்டும். அன்று நான் கோபப்பட்டது நிஜம். ஆனால் அந்த வேனில் ஏற இருந்த குழந்தைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் என் முன்னால் உட்காருகிற வயசு. வகுப்பில் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. நவம்பரில் அவளுக்குப் பரீட்சை. ஃபாரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உங்களிடம் கேட்காமல் நான் எடுக்கும் முடிவு இது.

இனி உங்களைப் பற்றி. இவ்வளவு நடந்தும் அந்த பஸ்ஸைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸை அனுப்புவது யார் என்று பியூலா கேட்டாள். கேம்ப் பாஸ்தான் என்று சொன்னேன். பிறகு, அப்பாவுக்கு எழுதும்போது நான் கேட்டதாக ஒன்று மட்டும் கேளுங்கள் என்றாள். கேட்கிறேன். அங்கே அந்த பஸ் சாவி யாரிடம் இருக்கிறது?

உங்களிடம் கொடுத்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள். வேலை போனால் போகட்டும், லீவுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மலை இறங்குகிற நேரம் எது என்று எழுதினால், அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் ஜெபித்துக்கொள்கிறோம். ஜெபம் மட்டும் போதாது என்று மகள் சொல்கிறாள். நானும் அதையே சொல்கிறேன்.

உங்கள் வருகையை ஆண்டவர் பத்திரமாக நடத்தட்டும்.

என்றும் உங்கள்,
ஹில்டா