என் பெயரில் ஆடும் அக்கா

விடுதி, அறை 14
மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன். கால் இரண்டும் பத்திரம், சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கிறது. இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. மீதியை நீ மட்டும் படி, படித்ததும் கிழித்துப் போடு.

வந்த அன்றே எங்கள் கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலாளர் அறையில் பத்து நிமிடம் பேசலாம். அதுவும் ஸ்பீக்கரில், முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நிற்க. போன ஞாயிறு அம்மா வாய்தவறி என்னை என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். "எங்க அம்மா எப்பவும் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தித்தான் கூப்பிடுவாங்க" என்று சிரித்துச் சமாளித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். இனிமேல் நாம் எழுதிக்கொள்ளலாம்.

இங்கே வருகைப் பதிவேட்டில் உன் பெயர், உன் பிறந்த தேதி. சட்டை முதுகிலும் உன் பெயர்தான். கோச்சை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் காலையில் பெயர் வாசிக்கும்போது நான் மட்டும் எப்போதும் ஒரு நொடி தாமதமாகப் பதில் சொல்கிறேன். இவளுக்குக் காது மந்தமோ என்று டாக்டரிடம் கேட்டாராம். டாக்டர் என் இரண்டு காதிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அழுக்குகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

என் அறைத்தோழி கோல்கீப்பர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, கழுத்து மட்டும் ஒரு முழம், எல்லோருக்கும் அவள் கொக்கு. நான் பின்வரிசையில் அடித்த இடத்தில் நிற்கிறேனாம், அதனால் எனக்கு ஆணி என்று பெயர் வைத்திருக்கிறாள். அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இது ஒன்றாவது உன்னிடமிருந்து எடுத்ததில்லை.

கணுக்கால் உடைந்து நான் கட்டிலில் கிடந்த வருடத்தில் என் வயது வரம்பைத் தாண்டிவிட்டது. அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "சின்னவ பொறப்புச் சான்றிதழ் பெட்டியில சும்மாதானே கிடக்குது. ரெண்டு வருஷம் கொடுத்தா தேஞ்சா போயிடும்?" நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலே "எடுத்துக்கட்டும்" என்றாய். உனக்கு அப்போது பதினாலு வயது. எனக்கு இப்போது பத்தொன்பதை நெருங்குகிறது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் தேசிய அணியில் நிற்கிறேன்.

அடுத்த வாரம் மணிக்கட்டைப் படமெடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்களாம். பயமாக இருக்கிறது. பதில் போடு.

உன் அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா முதல் பத்தியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். இவ்வளவு நீளமான காகிதத்தில் இவ்வளவுதானா எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். உன் கையெழுத்து பெரிசு என்று சொல்லிவிட்டேன்.

உறையின் மேல் என் பெயரை நானே எழுதி, கீழே உன் அறை எண்ணைப் போட்டேன். தபால் நிலையத்தில் இருந்தவர், அனுப்புகிறவர் பெயர் எங்கே என்றார். அங்கே என்ன எழுதுவது? கடைசியில் அப்பா பெயரைப் போட்டேன். ஊரில் எனக்கு நானே கடிதம் எழுதிக்கொள்கிற ஒரே ஆள் நான்தான்.

அப்பா டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எந்த மகள் என்று யாராவது கேட்டால் மட்டும், பஸ்ஸுக்கு அடியில் புகுந்து எதையாவது முறுக்க ஆரம்பித்துவிடுகிறாராம். அம்மா துவைத்த துணியை மடித்து உன் கட்டிலில் அடுக்குகிறாள். அடுக்கு சரிந்துவிடும் என்று அங்கே யாரும் உட்காருவதில்லை.

எனக்கும் ஒரு செய்தி உண்டு. லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்று பயிற்சிப் பள்ளி நடத்துகிறது, இரண்டு வருடப் படிப்பு. தேர்வு எழுதினேன். நாற்பது பேரில் பெண்கள் மூன்று பேர். உயரத்தைக் கண்டு பயமா என்று கேட்டார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம், படியைக் கண்டுதான் பயம் என்றேன். சிரித்தார்கள். பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டுமாம், பார்க்கலாம்.

மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சின்ன வயதிலிருந்தே பால் குடிக்காதவள். உன் எலும்பு எங்கே வளர்ந்திருக்கப் போகிறது?

உன்
வாலு

•

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

தேறிவிட்டேன். ஒரு குழாய்க்குள் கையை விட்டு இருபது நிமிடம் அசையாமல் உட்கார வைத்தார்கள். பதினேழுக்குள் என்று எழுதி வந்திருக்கிறது. நீ சொன்னதுதான் சரி, பால் குடிக்காததற்குக் கிடைத்த பலன். இனி யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

இருபத்து மூன்று பேர் பட்டியலும் வந்துவிட்டது. நான் இருக்கிறேன். ஜூன் ஆரம்பத்தில் விமானம். நேற்று பயிற்சி ஆட்டத்தில் கார்னர் பந்து மூன்றையும் தலையால் வெளியே தள்ளினேன். மேடம் போகிறபோது என் தோளில் ஒரு தட்டு தட்டினார். பத்து வருடமாக நான் ஓடியது இந்தத் தட்டுக்காகத்தான் என்று தோன்றியது.

ஆனால் வாலு, சந்தோஷத்தைச் சொல்ல இங்கே ஆள் இல்லை. கொக்குவிடம் சொன்னால் உன் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துகிறாள். உன்னோடு அரைமணி நேரம் சண்டை போட்டால் போதும், உடம்பு சரியாகிவிடும் போலிருக்கிறது. உன் லிஃப்ட் என்ன ஆயிற்று? அதைப் பற்றி எழுது.

உன் அக்கா

•

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கொஞ்சம் அலைச்சல்.

உனக்கு ஒருவர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், அதைத்தான் எழுத வந்தேன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு சின்ன வேலையாகப் போயிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா என் பெயரையும் தேதியையும் தட்டினார். கணினியில் உன் முகம் வந்தது, பாஸ்போர்ட்டுக்காகப் பதிவைச் சரிபார்த்தபோது ஏற்றிய படம், தலையை இழுத்து வாரிக்கொண்டு முறைக்கிறாயே, அது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீ இல்லையேம்மா. நீ யாரு?" என்றார்.

நான் அவங்க தங்கச்சி என்றேன். பொய் இல்லையே.

பத்திரிகையில் பார்த்த பெயராயிற்றே என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. தேசிய அணியில் ஆடுகிறவரா, என் மகளுக்கும் கால்பந்து என்றால் உயிர், அக்காவிடம் என் வாழ்த்தைச் சொல்லு என்றார். சொல்லிவிட்டேன்.

லிஃப்ட் விஷயம் அவ்வளவு சரிப்பட்டு வரவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்களும் ஒரு மாதிரிதான். அடுத்த வருடம் வேறு எதையாவது பார்த்துக்கொள்கிறேன். நீ உன் ஆட்டத்தைப் பார். உன்னைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள் என்று மாடியில் எல்லா வீட்டுக்காரர்களும் காத்திருக்கிறார்கள்.

உன்
வாலு

•

விடுதி, அறை 14
மே 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சின்ன வேலை என்று எழுதியிருந்தாயே, பிறப்புப் பதிவு அலுவலகத்தில் உனக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். ஸ்பீக்கரில் மெதுவாகச் சொன்னாள்: "அந்த லிஃப்ட் படிப்புக்கு அசல் பேப்பர் வேணுமாம். காத்திருந்து பாத்துட்டு வேற ஆளைச் சேத்துக்கிட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அசல் இங்கே மேலாளரின் அலமாரியில் என் பாஸ்போர்ட்டோடு இருந்தது. நகல் கேட்கப் போன இடத்தில்தான் உன்னை நீ யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

நேற்று காலைப் பயிற்சி முடிந்ததும் மேடத்திடம் போனேன். அவர் பயிற்சிச் சட்டைகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கணுக்கால், அப்பா, நீ, எல்லாம். அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. கடைசிச் சட்டையையும் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"யாராவது கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்லைங்க மேடம்."

"டெஸ்ட்லயும் தேறிட்டே. அப்புறம் ஏன் இப்ப வந்து சொல்ற?"

"இந்தப் பேர் என் தங்கச்சிக்கு வேணும் மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு நல்ல பின்வரிசைக்காரி ஒருத்தி இருந்திருப்பா, இனி மேலே எழுதித்தான் ஆகணும்" என்றார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டு வருடத் தடை. அணிக்கு வேறு பெண் வருகிறாள். என் சட்டையை வாங்கி முதுகுப் பெயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கொக்கு என்னோடு பேசவில்லை. பையைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், என் நிஜப் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஆணியே பரவாயில்லை என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

சான்றிதழை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பாஸ்போர்ட்டை ரத்து செய்ய அவர்களே எழுதிவிட்டார்கள்.

உன் அக்கா

•

மே 29

அக்காவுக்கு,

யார் கேட்டார்கள் உன்னை?

படிப்பில் வேறு பையன் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் இப்போது என்ன செய்ய? எனக்குப் பதினாறு வயது, எனக்கு எத்தனையோ வருடம் வரும். உனக்கு இந்த ஒன்றுதான் இருந்தது. நான் அதற்காகத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நான்தான் உன்னைச் சொல்ல வைத்தேன் என்று அப்பா நினைக்கிறார். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறார். அம்மா நடுவில் கிடந்து அல்லாடுகிறாள்.

வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

•

நகராட்சி விளையாட்டுத் திடல்
ஜூன் 8

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

அப்பாவோடு பேசினேன். கத்தவில்லை. "இப்ப வராதே. தெருவுல தலைகாட்ட முடியல" என்றார். சரி என்றேன். இங்கே திடலில் கோடு போடுகிற வேலை கிடைத்திருக்கிறது. சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக நடக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். சாயங்காலம் சின்னப் பெண்கள் ஆட வருகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்பேன். தடை அதற்கு இல்லை.

அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். நாளைக்கு முதல் ஆட்டம். நான் பார்ப்பதாக இல்லை. நீ பார்.

அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டால் நன்றாக இருக்கும்.

உன் அக்கா

•

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். கோபம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. பிறகு வெட்கத்தில் எழுதவில்லை.

ஆட்டத்தைப் பார்த்தோம். அப்பா உட்காரவில்லை. டிப்போவுக்குக் கிளம்புகிறவர் மாதிரி சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். உன் இடத்தில் ஆடிய பெண் மோசமில்லை. ஆனால் கடைசியில் ஒரு கார்னர் பந்து அவள் தலைக்கு மேல் போய்விட்டது, தோற்றுவிட்டார்கள். கொக்கு தரையில் படுத்திருந்ததைக் காட்டினார்கள். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். "அவ இருந்திருந்தா எட்டியிருப்பா" என்றார்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியும்வரை, என் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. எனக்குத் திரும்பக் கிடைத்த பொருள்தானே, சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகை வந்தது. நீ வைத்திருந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது, தலையால் முட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் இப்போது பெட்டியில் கிடக்கிறது. லிஃப்ட் பள்ளியில் ஜனவரியில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். மனுப் போட்டிருக்கிறேன். சேர்ந்தால் அதற்கும் ஏதாவது வேலை கொடுப்பேன்.

நேற்று அம்மா நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே, பதினான்காம் தேதி பெரியவளுக்குப் பிறந்தநாள் என்றாள். இரண்டு வருடமாக அந்தத் தேதியை யாரும் வாயால் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று. போன வருடம் அம்மா கதவைச் சாத்திவிட்டு உன் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். "எத்தனை அவளுக்கு?" என்றார்.

பத்தொன்பது என்றேன்.

"பத்தொம்பதா?" என்றார். குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பதினாறு பதினாறுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோச்சு."

அப்புறம் வந்து என் எதிரே உட்கார்ந்தார். நான் எழுதிக்கொண்டிருந்த இந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு இரண்டையும் என் பக்கமே தள்ளிவிட்டார். "நீயே எழுது. வரச் சொல்லு."

எழுதிவிட்டேன்.

பதினான்காம் தேதி மாலைப் பேருந்தில் வா. உன் கட்டிலிலிருந்த துணியை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நிறுத்தத்தில் நான் நிற்பேன். அந்த நேரத்தில் கூட்டம் அதிகம், அக்கா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. மரியாதை தெரியாதவள் என்று திட்டாதே.

உன்
வாலு