ஒன்பதாம் அத்தியாயம்

மார்ச் 7, 1988. முட்டாரே

என் கணவர் குவின்யாயின் நாவலில் எட்டாம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து முடித்தேன். நாற்பத்தொரு பக்கம். குவின்யாய் கல்லூரியிலிருந்து வந்ததும் தாள்களைப் புரட்டினார். "மூணாம் பக்கத்துல ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு." அவ்வளவுதான்.

சாயங்காலம் அவருடைய மாணவர்கள் ஆறு பேர் வந்தார்கள். எழுத்தாளனின் சுதந்திரம் பற்றிப் பேச்சு. அடுப்பில் சட்ஸாவுக்குச் சோளமாவுக் களி கிளறிக்கொண்டே கேட்டேன். "எழுதறவன் யார்கிட்டயும் அனுமதி கேக்கக் கூடாது" என்றார் என் கணவர். பையன்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஒரு கவிதைக்காக வெள்ளைக்காரர்கள் ஆட்சியில் மூன்று வருஷம் சிறையில் இருந்தவர். அதை என்னால் மறுக்க முடியாது. மறுக்க முடிந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்!

மார்ச் 16

ஒன்பதாம் அத்தியாயத்தைத் தட்டத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. அது என் வாக்கியம்.

அடுத்ததும். அதற்கடுத்ததும்.

77இல், போர் நடந்தபோது, வெள்ளைக்காரர்களின் ராணுவம் எங்கள் ஊரையே வேலிக்குள் குடிவைத்திருந்தது. ஆறு மணிக்கு வாசலைப் பூட்டினால் மறுநாள்தான் திறப்பார்கள். எட்டாம் மாதத்திலேயே எனக்கு வலி வந்துவிட்டது. காவலன் திறக்கவில்லை. குழந்தை மூச்சுவிடவில்லை. பக்கத்துக் குடிசை ருவிம்போவின் அம்மாதான் குடிசைக்குப் பின்னால் குழி தோண்டினாள். நான் பாயில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

இதை இரண்டு வருஷம் முன்பு, மகள் சேக்காயின் பழைய பள்ளி நோட்டில் எழுதித் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவருடைய அத்தியாயத்தில் ஒரு கணவன் இருக்கிறான். காவலனின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். தானே குழி தோண்டுகிறான்.

அவர் அங்கே இல்லை. சிறையில் இருந்தார்.

மார்ச் 17

கேட்டேன். சண்டை போடக்கூடாது என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"என் நோட்ட எடுத்தீங்களா?"

"எடுத்தேன். நல்லா இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"சேக்காயம்மா, அது பெட்டியில கிடந்தா யாருக்குப் பிரயோசனம்? என் புத்தகத்துல வந்தா நாடே படிக்கும். அந்தக் குழந்த எனக்கும் குழந்ததானே?"

குழந்தை அவருக்கும்தான். ஆனால் அந்தப் பாய்? அந்தச் சத்தம்? ஜெயிலைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருந்தால் சும்மா விட்டிருப்பாரா இந்த மனுஷன்?

மார்ச் 18

இனி அவருக்காக ஓர் எழுத்துகூடத் தட்ட மாட்டேன்.

ஜூன் 12

மீதி அத்தியாயங்களைக் கல்லூரி எழுத்தரிடம் கொடுத்துத் தட்டவைத்தார். ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் தனியாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது. நான் வேலை செய்யும் பள்ளியில் தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒரு ஆம்பளைக்குப் பொம்பள மனசு இவ்வளவு தெரியுமா! நீ குடுத்து வச்சவ."

குடுத்து வச்சவளாம். எடுக்கக் குடுத்து வச்சவள்.

ஆகஸ்ட் 3

என் கதையை அதே பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். ஆசிரியரின் கடிதம் வந்தது. 'அம்மையீர், உங்கள் நடையில் திறமை தெரிகிறது. ஆனால் கணவரின் படைப்பை அப்படியே ஒட்டி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிப் பாருங்கள்.'

நான்கு தடவை படித்தேன். நான்காம் தடவை சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

செப்டம்பர் 10

மலையடிவாரத்துக்குப் பேருந்தில் போனேன். ருவிம்போவின் அம்மாவிடம் கதையைப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நானும்தான் அவளிடம் கேட்காமல் அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவரைத் திட்டும்போது இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினாள். "மண்வெட்டின்னு எழுதியிருக்கே. மண்வெட்டி ஏதுடி நமக்கு? எல்லாத்தையும் பிடுங்கிட்டானுங்களே. சோத்துத் தட்டுலதான் தோண்டினேன்."

அவருடைய அத்தியாயத்தையும் படித்துக் காட்டினேன். அதிலும் மண்வெட்டிதான். என் பிழையைக்கூடத் திருடியிருக்கிறார்.

"உன் புருஷன் அங்க எங்கடி வந்தாரு?" என்றாள். புத்தக வெளியீடு என்றைக்கு என்றும் கேட்டாள். சொன்னேன்.

அக்டோபர் 22

நூலக மண்டபம் நிறைந்திருந்தது. மதியம் மூன்று மணி, தாங்க முடியாத வெக்கை. அவர் ஒன்பதாம் அத்தியாயத்தைத்தான் படித்தார். நன்றாகவே படித்தார், பாவி.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ருவிம்போவின் அம்மா எழுந்தாள்.

"ஐயா, நான் படிக்காதவ. ஒரு சந்தேகம். நீங்க எந்தப் பக்கம் நின்னு தோண்டினீங்க? நானும் அங்கதான் இருந்தேன். உங்களப் பாக்கலையே."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது கதை" என்றார்.

"கதைன்னா சரி. தோண்டினவ கை கேக்கச் சொல்லுச்சு, அதான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான் கூட்டிட்டு வந்தியா?" என்று வீட்டு வாசலில் கேட்டார். "தேதி சொன்னேன். வந்தது அவ" என்றேன். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. அரை நாள்.

நவம்பர் 5

மண்வெட்டியை அடித்துவிட்டுத் தட்டு என்று திருத்தினேன். ஹராரேயில் வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒட்டி எழுதியது யார் என்று இந்தத் தடவை கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 4

முதல் மழை. கதையை எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது. அதைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை. மழைச் சத்தத்தில் பாதி கேட்காதபடி, "அது பையனா, பொண்ணா?" என்றார்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவை. புத்தகத்தில் அவராகவே பையன் என்று எழுதிவிட்டார். என் நோட்டில் நான் அதைச் சொல்லவில்லை, அதனால் அவருக்குத் தெரியாது.

"பொண்ணு."

தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். "பேர் ஏதாவது வச்சியா?"

"வச்சேன். திருத்தினப்ப அதக் கதையில சேத்துட்டேன்" என்றேன். "அச்சுல வந்ததும் வாங்கிப் படிங்க."