ஐந்தரை முதல் ஆறு இருபது வரை

மார்ச் 4, செவ்வாய்

வாடகை ஒப்பந்தம் இன்று புதுப்பிக்கப்பட்டது. பதினொன்றாம் பிரிவு புதிதாகச் சேர்ந்திருக்கிறது: பிறருடைய கால்நடைகள் வளாகத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது குடியிருப்பவரின் பொறுப்பு. இந்த ஒரு வரிக்காகத்தான் பதினாறு மாதங்களாகக் காத்திருந்தேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு, இந்த ஊருக்கு, வந்த நாள்முதல் பக்கத்துப் பண்ணைக்காரர் தம் மாடுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து எங்கள் பின்வாசல் வழியாக உள்ளே விட்டு, பக்கச் சந்து வழியாகத் தம் கொட்டகைக்கு ஓட்டிப்போகிறார். அனுமதி கேட்டதில்லை. இருமுறை எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தேன். இரண்டுக்கும் சேர்த்து அவர் தந்த பதில், தெருவில் எதிர்ப்பட்டபோது ஒரு தலையசைப்பு.

மார்ச் 6, வியாழன்

பின்வாசலுக்குப் பூட்டு வாங்கிவந்தேன். சாவிகள் இரண்டு. ஒன்று என் வளையத்தில். மற்றதற்கு 'பின்வாசல்' என்று சீட்டு ஒட்டி மனைவியிடம் கொடுத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாடு என்னங்க பண்ணிச்சு உங்கள?" என்றாள். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதாம்.

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் தொலைபேசியில் அழைத்தான். அக்காவும் தம்பியும் பேசிச் சிரித்த பிறகே என்னிடம் கொடுத்தாள். "அத்தான், அங்க போயும் கதவப் பூட்டிட்டீங்களாமே. மாட்டுக்கெல்லாம் விசா முத்திரை போட்டு அனுப்புங்க, தகராறே வராது" என்றான். இவனுக்கு எல்லாமே நகைச்சுவை. ஊரில், அலுவலகத்தில் விதியை எடுத்துச் சொன்னதற்காக என்னை ஒரு மூலை மேசைக்கு மாற்றினார்கள். ஏழு ஆண்டுகள் அந்த மேசைக்கு ஒரு கோப்பும் வரவில்லை. வீட்டை விற்று, வேலையை விட்டு, ஐம்பது வயதில் இங்கே வந்து பால் குளிரூட்டு நிலையத்தில் தரப் பரிசோதகனாக நிற்கிறேன். இங்கேயாவது எழுதியது எழுதியபடி நடக்கும் என்று நம்பி வந்தேன். அதை அவனிடம் சொல்வானேன்.

மார்ச் 27, வியாழன்

நிலையத்தில் பால் ஏற்கும் நேரம் காலை எட்டு மணியோடு முடிகிறது. பண்ணைக்காரர் எட்டு இருபத்தைந்துக்கு வந்தார். திருப்பி அனுப்பினேன். மூன்றாவது நாள். பின்வாசல் பூட்டியிருப்பதால் பாலத்தைச் சுற்றி மாடுகளை ஓட்டிவர நாற்பது நிமிடம் ஆகிறதாம். கறவை அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறதாம். நாற்பது நிமிடம் முன்னதாக எழலாமே என்றேன். அவர் கேன்களைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். ஓசையில்லாமல் ஏற்றினார், அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னார். தினமும் ஐம்பது நிமிட நடை. காலை 5.30க்குக் கிளம்பி, தேவாலயத்தையும் மரக்கிடங்கையும் சுற்றி, 6.20க்கு வீடு. இன்று தொடங்கினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பண்ணைக்காரர் இன்று 7.50க்கே வந்துவிட்டார். சென்ற வாரம் முழுவதும் அப்படித்தான். கண்டிப்புக்குப் பலன் உண்டு. உடனே கிடைப்பதில்லை, அவ்வளவே. மனைவியிடம் சொன்னேன். "ஆமாங்க, திருந்திட்டாரு" என்றாள்.

மே 16, வெள்ளி

நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம் அஞ்சலில் வந்தது. நவம்பரில் எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. அம்மாதம் 28க்குள் விண்ணப்பிக்காவிட்டால் அறுபது நாளில் வெளியேற வேண்டும். வெளியேறி எங்கே போவது? அங்கே ஒரு கதவும் எங்கள் பெயரில் இல்லை.

முழுவதும் படித்தேன். ஏழாம் பிரிவின்படி கணவன் மனைவி இருவரில் எவரும் முதன்மை விண்ணப்பதாரர் ஆகலாம்; மற்றவர் சார்ந்திருப்பவர். எங்கள் விஷயத்தில் இது தேவையற்ற பிரிவு. ஒன்பதாம் பிரிவுதான் முக்கியம்: இவ்வூரில் பத்தாண்டுகள் வசித்த இருவர், முதன்மை விண்ணப்பதாரர் 'ஊரோடு கலந்து வாழ்கிறார்' என்று கையொப்பமிட வேண்டும். உடன் பணிபுரிவோர் கூடாது. 'கலந்து' என்பதை எந்த அளவுகோலால் அளப்பார்கள் என்று எங்கும் வரையறுக்கவில்லை. மோசமான வரைவு.

ஜூன் 9, திங்கள்

பின்வாசல் பூட்டை மாதாந்தரச் சரிபார்ப்புக்காகத் திறந்து மூடினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சாவி திரும்புகிறது. நல்ல தயாரிப்பு. பின்கட்டுத் தரையும் தண்ணீர் அடித்துக் கழுவிச் சுத்தமாக இருக்கிறது. மனைவி போட்ட தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. மண் நல்ல மண்.

ஜூலை 14, திங்கள்

அவள் இங்குள்ள மொழியை எங்கே கற்றாள்? நான் இரண்டு தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். ரொட்டிக் கடையில் நான் பேசினால் கடைக்காரி இரண்டாம் முறை கேட்கிறாள். இவள் வாயைத் திறந்தால் வரிசையே சிரிக்கிறது. இன்று கடையில் யாரோ என்னைக் காட்டி ஏதோ சொன்னார்கள். மற்றொருவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "நீங்க நேரம் தவறாதவர்னு பாராட்டுறாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கையொப்பம் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். தபால்காரப் பெண்மணி இவ்வூரிலேயே பிறந்தவர். நாள்தோறும் எங்கள் வீட்டுக்கு வருபவர். விண்ணப்பத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் கதவை முழுவதும் திறந்து கடிதம் வாங்கியதில்லையாம். தெரியாத ஒருவருக்கு எப்படிச் சான்று தருவது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பையில் அவர் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்த கடிதங்கள் என் கண்ணில் இன்னும் நிற்கின்றன. பொய்ச்சான்று தர மறுத்திருக்கிறார். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 5, வெள்ளி

ரொட்டிக் கடை — இல்லை. மரக்கிடங்கு — இல்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் — யோசித்துச் சொல்கிறாராம்.

செப்டம்பர் 12, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

5.30க்குக் கிளம்பினேன். தேவாலயத்தைத் தாண்டியதும் வலது செருப்பின் அடி பிய்ந்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டு 5.50க்கு வீட்டுக்குத் திரும்பினேன். பின்வாசல் விரியத் திறந்திருந்தது. மாடுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டு. ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை, எண்ணினேன். என் மனைவி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி முதுகில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாத பூட்ஸ். எனக்குத் தெரியாத குரல்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்ததும் முதலில் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் அரைமணி இருக்கிறதே என்றார், அவளிடம்.

ஆக, ஊர் முழுக்க! நான் தேவாலயத்தைத் தாண்டினால் மாடு கிளம்பும். ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியும், தபால்காரிக்குத் தெரியும், மரக்கிடங்கு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். அஞ்சு மாசமா. நான் என்னடான்னா கண்டிப்புக்குப் பலன்னு எழுதி வச்சிருக்கேன், இதே நோட்டில.

"என்ன இது?" என்றேன்.

"நீங்க பூட்டினீங்க, நான் திறந்தேன். ரெண்டு சாவியும் நீங்க வாங்கினதுதானே?"

"ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு—"

"எழுதியிருக்கு. அவரு பால நீங்க மூணு நாள் கீழ கொட்ட வச்சீங்களே, அதுவும் எழுதியிருக்கா? அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊர்ல நடக்கிறது?" கொஞ்சம் நின்று, தணிந்த குரலில் சொன்னாள்: "உங்க கடியாரத்த நம்பித்தாங்க திறந்தேன். இருபது வருஷத்துல அது ஒண்ணுதான் என்ன ஏமாத்தினதில்ல."

செப்டம்பர் 13, சனி

பூட்டை மாற்றலாம். மாற்றும் உரிமை எனக்கு உண்டு.

மாற்றவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு இருபதுக்குத் திரும்புகிறேன். வேறு எப்போது நடப்பது? நிறுத்தினால் சர்க்கரை ஏறும். நிறுத்தினால் பால் தாமதமாகும். தாமதமானால் நான் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்குமுன் அனுப்பியபோது இப்படிக் கணக்குப் பார்த்ததில்லை.

அக்டோபர் 20, திங்கள்

பள்ளி ஆசிரியர் யோசித்து முடித்துவிட்டார். இல்லை.

நவம்பர் 3, திங்கள்

பண்ணைக்காரரிடமே போனேன். போகக்கூடாதுதான். கொட்டகை வாசலில் நின்றேன். பாலைத் திருப்பியதில் விதிமீறல் இல்லை என்று விளக்கினேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு நான் கெட்டவன் இல்லை என்று சொன்னார். தம் தகப்பனாரின் கைக்கடிகாரமும் சரியாகத்தான் ஓடுமாம். ஆனால் அதனோடு யாரும் கலந்து வாழ்ந்ததாகத் தாம் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நவம்பர் 10, திங்கள்

அவளிடம் சொன்னேன். பெட்டிகளை இறக்க வேண்டியிருக்கும், ஜனவரிக்குள் கிளம்ப வேண்டியிருக்கும் என்று. அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "விண்ணப்பத்துல அந்த ஏழாவது பிரிவு எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் படித்திருக்கிறாள். ஒப்பந்தமும்.

நவம்பர் 12, புதன்

ஒரே பகலில் இரண்டு கையொப்பங்கள். பண்ணைக்காரருடையது ஒன்று, தபால்காரப் பெண்மணியுடையது ஒன்று. ரொட்டிக் கடைக்காரி தன்னைக் கேட்கவில்லையே என்று குறைபட்டாளாம்.

நவம்பர் 13, வியாழன்

விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொன்னாள். என் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்குமாம். கறுப்பு மை, பெரிய எழுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து. முதன்மை விண்ணப்பதாரர்: அவள். சார்ந்திருப்பவர்: நான். உறவுமுறை: கணவர். சார்ந்திருப்பவரின் ஒழுக்கத்துக்கு முதன்மை விண்ணப்பதாரர் பொறுப்பேற்கிறாரா என்று பதினான்காம் கேள்வி.

பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"ஆமான்னு போடுங்க. வேற என்ன செய்யறது" என்றாள்.

போட்டேன். பிழையில்லை. இருமுறை சரிபார்த்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

அட்டைகள் வந்துவிட்டன. கதவை முழுவதும் திறந்தேன். தபால்காரப் பெண்மணி வணக்கம் சொல்லிவிட்டு, உறையை என்னிடம் தர இயலாது, முதன்மை விண்ணப்பதாரரே கையொப்பமிட்டு வாங்க வேண்டும் என்றார். விதி. நான் உள்ளே போய் அவளைக் கூப்பிட்டேன்.

டிசம்பர் 17, புதன்

5.30க்குக் கிளம்பினேன். மழையால் வழியெல்லாம் சேறு. மாடுகள் மெதுவாகத்தான் வந்திருக்க வேண்டும். 6.20க்கு நான் திரும்பியபோது கடைசி நான்கு இன்னும் பின்கட்டில் நின்றன. அவள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், கொஞ்சம் பொறுங்கள் என்று.

மதிலோரம் நின்றேன். 6.26க்கு உள்ளே போனேன்.