உருளை நிற்க எடுத்த நேரம்

ஞாயிறு, மாலை

கர்த்தருக்குள் பிரியமான மருமகளுக்கு,

அவருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் என் பேத்தியும் உன் அக்கா வீட்டாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

பேத்தி அனுப்பின கட்டுரை வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பள்ளியில் முதல் பரிசாமே. அம்மாவின் கையைக் காப்பாற்றிய பாட்டி என்று தலைப்பே போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சூடான இஸ்திரி உருளைக்குள் உன் கை போனதையும், நான் ஓடிவந்து மெஷினை நிறுத்தினதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி எழுதியிருக்கிறாள். என் பாட்டி படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அவருக்குக் கீழே பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு வரி. அதை எத்தனை தடவை படித்தேனோ.

இன்று ஆராதனை முடிந்ததும் முன் பெஞ்சுக்காரர்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்களுக்குச் சிலை வைப்பது ஒன்றுதான் பாக்கி என்றாள் டைலரம்மா. பொறாமைதான். அவள் பேத்தி போன வருஷம் இருந்த வகுப்பிலேயே இந்த வருஷமும் இருக்கிறாள்.

உன் வலது கை விரல்கள் இன்னும் மடங்கினபடியே இருப்பதையும், தன் தலையைத் தானே வாரிக்கொண்டு பள்ளிக்குப் போவதையும் கடைசியில் எழுதியிருந்தாள். அதை அவள் சேர்த்திருக்க வேண்டாம். நான் அந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன்.

விரலை நிமிர்த்துகிற இரண்டாவது ஆபரேஷனைச் செய்ய மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? விசாரணையில் உன் கவனக்குறைவு என்று முடிவாகிவிட்டது. நீயும் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டாய். முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும். என் மகன் கோபத்தில் உன்னை நாலு வார்த்தை பேசினான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எட்டு மாதமாகவா அக்கா வீட்டில் உட்காருவது? வேலை விட்டு வந்தால் சுவரைப் பார்த்தபடி இருக்கிறான். வந்து சேர்.

எனக்கு ஒரு தொந்தரவு. ஜெபிக்கக் கண்ணை மூடினால் உருளைச் சத்தம் கேட்கிறது. டாக்டர் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார். சத்தம் நிற்கவில்லை. ஜெபத்தைத்தான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சகல ஆசீர்வாதமும் உண்டாவதாக.

உன் மாமியார்


புதன், மதியம்

மருமகளுக்கு ஸ்தோத்திரம்.

இரண்டு வாரமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படி. பேத்தி கையில் கொடுக்காதே.

நேற்று பெண்கள் கூட்டத்தில் வேதம் வாசிக்கிற முறை என்னுடையது. நான் வாசிக்கிற அழகு உனக்குத் தெரியும். காலேஜ் படித்தவள் திணறுகிற பெயரெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேற்று வந்தது காணிக்கை கொண்டுபோகிறவனைப் பற்றின பகுதி. யாருக்காவது உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அதைச் சரி செய் என்று வருமே, அது. பாதியில் நாக்கு நின்றுவிட்டது. எழுத்து நன்றாகத் தெரிகிறது, வாய் திறக்கவில்லை. டைலரம்மா எட்டிப் பார்த்து, அடுத்த வார்த்தையை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். எனக்கு! பின்னால் யாரோ, அஞ்சாம் கிளாஸ்தானே, பாவம் என்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். நேற்று, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். எட்டு மாதமாகத் தினமும் ஆண்டவரிடம் அழுது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், போதாதா என்று கேட்டேன். என் மகனைவிட ஆறு வயது சின்னவர், என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: “அம்மா, ஆண்டவர்கிட்ட சொன்னது நல்லது. ஆனா மெஷின்ல மாட்டினது அவர் கையா?”

ஆகவே உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி இருக்கிறது. ஏதாவது அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். நம் கைக்காகத்தான் அந்தக் கம்பி. ஆனால் படுக்கை விரிப்பின் முனை பட்டாலும் நின்று தொலைக்கும். ஆபரேஷன் அறைக்குத் துணி நேரத்துக்குப் போகாவிட்டால் என் பேர் கெட்டுவிடும் என்று, கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு துண்டு கிழித்து, கம்பி அசையாதபடி கட்டி வைத்தது நான். வருஷக்கணக்காகக் கட்டினேன். விசாரணையில் மெக்கானிக் கம்பியில் ஒட்டியிருந்த நூலைக் காட்டினபோது, இவள்தான் கட்டுவாள், நான் எத்தனையோ தடவை கண்டித்தேன் என்று சொன்னதும் நான்தான்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாய். கையைக் காப்பாற்றினவளுக்கு நீ செலுத்தின நன்றி அது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

வருகிற திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொல்லும்படி சொல்கிறார் பாஸ்டர். அதுதான் கீழ்ப்படிதலாம். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேர் முன்னால் எப்படி நடப்பேன்? என் மகன் முகத்தில் எப்படி முழிப்பேன்? வேண்டாம் அத்தை, விட்டுவிடுங்கள் என்று நீ ஒரே ஒரு வரி எழுதினால் நான் போக மாட்டேன். திங்கட்கிழமை தபால் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். எழுது, அம்மா. தயவுசெய்து எழுது.

மாமியார்


வெள்ளி, காலை

மருமகளுக்கு,

சுகம், சுகம் என்று எழுதிப் பழகின கை. இந்தத் தடவை எழுதவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குத் தபால்காரர் வந்தார். கண்ணாடிக் கடை விளம்பரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஒன்றும் இல்லையா என்று தெருமுனை வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். இல்லை என்றார். அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

மேனேஜர் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் இந்த முப்பத்தொரு வருஷத்தில் நான் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார வைத்தவர்கள் உண்டு. இரண்டு தடவை எழுந்து பின் கேட் வரை போய்த் திரும்பினேன். ஆண்டவரே, அவர் லீவில் இருக்கட்டும் என்று ஜெபித்தேன். அவர் இருந்தார்.

சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பேனாவை மூடி மேஜையில் வைத்தார். “எட்டு மாசம் கழிச்சு இதை எதுக்கும்மா தோண்டுறீங்க? ஒண்ணும் சொல்லலைன்னு வச்சுக்கிறேன், போய் வேலையைப் பாருங்க” என்றார். நான் கேட்டு ஜெபித்த வழி இதுதானே, திறந்தேவிட்டது. எழுந்தேன், கதவுப்பிடியில் கையும் வைத்துவிட்டேன். பிடியைச் சுற்றின என் விரல்கள் ஐந்தும் நேராக நீட்டவும் மடக்கவும் வருகிறதைப் பார்த்தேன். திரும்பிப் போய், காகிதம் கொடுங்கள் சார், எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு பக்கம் எழுதினேன். பிழை இருக்கும். கையெழுத்து என்னுடையது.

அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் வருமா என்று தெரியவில்லை. பதினெட்டுப் பேரில் ஒருத்திதான் வாசல் வரை வந்தாள். நான் அதிகம் திட்டினது அவளைத்தான். என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை கூட நடந்தாள்.

உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்று கேட்டான். “அவகிட்ட நான் பேசின பேச்சை இப்ப யாரும்மா திருப்பி எடுக்கிறது?” அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

கடிதத்தை இதோடு முடித்திருக்கலாம். நேற்று முடித்து, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். இன்று காலை கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். பாஸ்டருக்கும் மேனேஜருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. உனக்கும் தெரியாது. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

உருளைக்குப் பக்கத்துத் தூணில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது அல்லவா. அதை அமுக்கினால் அந்த நிமிஷமே எல்லாம் நின்றுவிடும். நான் ஓடி வந்தபோது அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன். கம்பியில் நான் கட்டின துணியையும் பார்த்தேன். மெஷின் நின்றால் எல்லாரும் ஓடி வருவார்கள், துணியைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. நான் பொத்தானை அமுக்கவில்லை. துணியை அவிழ்த்தேன். இரட்டை முடிச்சு, அவசரத்தில் இன்னும் இறுகிவிட்டது. நகத்தால் நெம்பினேன். துணியை உருவி இடுப்பில் செருகின பிறகுதான் கம்பி அசைந்து உருளை நின்றது. விரல் நுனியோடு நின்றிருக்க வேண்டியது மணிக்கட்டு வரை போய்விட்டது.

நீ கண்ணை மூடிக்கொண்டு அத்தை, அத்தை என்று என்னைக் கூப்பிட்டாய். நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உன்னைக் காப்பாற்றவில்லை. நீ எனக்கு ஒரு நன்றிக்கடனும் பட்டிருக்கவில்லை. இதையும் எழுதி மேனேஜரிடம் நாளைக்குக் கொடுக்கப்போகிறேன். பேத்தியிடம் சொல்லுகிற பாரத்தை உன்மேல் வைக்க மாட்டேன். நீ சரி என்றால் நானே அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

வெளிச்சத்துக்கு வந்ததும் மனசு லேசாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொல்வார்கள். நானும் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் போட்டிருக்கிறேன். எனக்கு லேசாகவில்லை. விளக்கைப் போட்டதும், இத்தனை அழுக்கிலா இவ்வளவு நாள் குடியிருந்தோம் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஜெபத்தை இப்போது அவசரமாக முடிப்பதில்லை. உருளைச் சத்தம் வந்தால் வரட்டும் என்று ஆண்டவர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை.

இப்போது முக்கியமானது. உன் பைலைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கவனக்குறைவு என்று எழுதினதை அடித்துவிட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன். கை டாக்டர் உன்னைப் பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடிக்கு வரச் சொல்கிறார். ஒரு வருஷம் தாண்டினால் நரம்பு இறுகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

வந்துவிடு, அம்மா. கைக்காக வா. நான் அந்தக் கட்டிடத்துப் பக்கமே வரமாட்டேன். வீட்டில் வந்து இறங்க உனக்கு மனசு வராது என்று பாஸ்டர் வீட்டில் ஓர் அறை கேட்டு வைத்திருக்கிறேன். அவர் மனைவி பஸ் நிலையத்துக்கே வருவார். உன் வீட்டுக்காரர் வர வேண்டுமா என்பதை நீ சொல். எனக்காக வர வேண்டாம். இந்தத் தாளில் மூன்று இடத்தில் ஒரே வார்த்தையை எழுதி அடித்திருக்கிறேன். அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்றுதான் அடித்தேன்.

கர்த்தர் உன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவாராக. நிமிர்ந்த அந்தக் கையால் நீ என் முகத்தில் கதவைச் சாத்தினாலும் சரி, வெளியே நின்று அந்தக் கையை ஆசீர்வதிப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரரின் அம்மா