அம்மாவைத் தூக்கும் முறை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான்தான் நலமில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகு அவள் உடம்பில் பழுதில்லாமல் மிச்சமிருப்பது காது ஒன்றுதான். அதனால் இந்தக் கடிதம்.

கொஞ்ச நாளாக இடுப்பிலிருந்து இடது பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. உட்கார முடியாமல் ஆபீசில் நின்றுகொண்டே கணினி தட்டுகிறேன். "என்னம்மா, வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று மேனேஜர் தினமும் கேட்கிறார். ஸ்கேன் எடுத்ததில், முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக்கொடுத்து, "கனமா எதையும் தூக்காதீங்க" என்றார் டாக்டர். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைத்தேன்.

வேறென்ன செய்ய, நீயே சொல்.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. கிடங்கில் புதிதாக வருகிறவர்களுக்குப் பெட்டி தூக்கக் கற்றுக்கொடுப்பதுதானே என் வேலை. முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, பாரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடி. இந்தக் கடிதத்தோடு படம் போட்ட தாள் ஒன்று வைத்திருக்கிறேன், சுவரில் ஒட்டிக்கொள். இடுப்புக்கு பெல்ட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் மட்டும் அவசரப்படாதே. இங்கே தெரிந்த டாக்டரிடம் கேட்டேன், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம். உதவிக்கு ஆள் வை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், உடைந்துபோவாள்.

உன் தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

தாளை ஒட்டினேன். ஆனால் உன் பெட்டி பயப்படாது. அம்மா பயத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்கிறாள். அப்போது முதுகாவது, முழங்காலாவது! உதவிக்கு வைத்த பெண் தொட்டாலே அம்மா கத்தினாள். அந்தப் பெண்ணும் ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள்.

நேற்று டாக்டர் என்னைப் படுக்கவைத்து, "இடது கால் கட்டைவிரலை மேல தூக்குங்க" என்றார். "தூக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். எட்டிப் பார்த்தால் விரல் அசையவே இல்லை. "தானா சரியாகும்னு இனிமே காத்திருக்க முடியாது. தள்ளிப்போட்டா பாதம் இப்படியே நின்னுடலாம்" என்கிறார்.

ஆபரேஷன் முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நீ வந்துவிடு. உன்னை நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. களைத்துப்போய்விட்டேன், தம்பி.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு கேட்டேன். சரக்கு குவிகிற நேரம், ஆகஸ்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை எப்படியாவது சமாளி. நீ நினைத்தால் முடியும், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? பெல்ட் வந்து சேர்ந்ததா?

உன் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

பெல்ட் வந்தது.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. சுரீரென்ற வலி போயிற்று. விரல் இன்னும் எழவில்லை. வரலாம், வராமலும் போகலாம், நான் கொஞ்சம் முன்னாலேயே ஆபரேஷனுக்கு வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்டி. என்னைத் தூக்குறப்பல்லாம் உனக்கு மூச்சு நின்னு நின்னு வருதே. கேட்டா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவியோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன்" என்றாள். பிறகு, "முதியோர் இல்லத்துல சேத்துடு" என்று அவளே சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இல்லத்திலிருந்து வந்த இரண்டு பேர் அவளைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். அவள் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. கையை மடியிலேயே வைத்திருந்தாள். வண்டி கிளம்பும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "தம்பிகிட்ட சொல்லாதே, வருத்தப்படுவான்" என்றாள்.

நீ வருத்தப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா