கங்கையில் வருகிற க

அலமாரியின் மேல்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். உன் ஊசி நூல் டப்பாவுக்குள், வங்காளிப் பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகள். மரத்தின் விளிம்பை இழைக்கிற ரூட்டர் மிஷினில் மாட்டும் பிட்கள். எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீ எடுத்து வைத்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

தொண்ணூறுகளின் கடைசி. டாலிகஞ்சில் வாடகை வீடு. நான் வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான். வங்காளி நாலு வார்த்தைக்கு மேல் வராது. நீ அதே ஊரில், பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். உனக்கு எட்டாம் மாதம். தொட்டிலை என் கையால்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன், ஆணி அடித்தாலே விரலில் அடித்துக்கொள்கிற ஆள். மிஷினை ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கியாயிற்று. ஒரே ஒரு தொட்டிலுக்குப் புது பிட் எதற்கு, சாந்தினி கடைத்தெருப் பக்கம் பழையது கிடைக்கும் என்றாய். கடையில் கேட்க வேண்டியதை வங்காளியில், ஆனால் தமிழ் எழுத்தில், எழுதியும் கொடுத்தாய்.

சீட்டில் 'கோல்' என்று இருந்தது. தமிழில் கோல் எப்படியோ அப்படியே அழுத்திக் கேட்டேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஏனென்று புரியாத வெட்கத்தில், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் மாட்டிப் பார்த்தால் பள்ளம் பறிக்கிற பிட்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வங்காளியில் நான் அழுத்திக் கேட்ட கோல் என்றால் மடியாம்; க-வை மெலிதாகச் சொன்னால்தான் உருண்டையாம். நமக்கு வேண்டியதோ குழந்தையின் தலையில் இடிக்காத உருண்டை விளிம்பு.

"கங்கைல வர்ற க-ங்க அது. கடைல வர்ற க இல்ல."

மறுநாளே சரியானதை வாங்கக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது சமையலறையிலிருந்து சொன்னாய்:

"இன்னிக்குப் போகாதீங்க. இடுப்பு ஒரு மாதிரி இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சா போதாதா?"

நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். சிரித்தவர்கள் முன்னால் ஒழுங்காகச் சொல்லிக் காட்ட வேண்டும் என்கிற வீம்பு. சொல்லியும் காட்டினேன். கடைக்காரர் சந்தோஷப்பட்டு டீ வரவழைத்தார். நிதானமாகக் குடித்தேன். அந்த டீக்காக இன்றைக்கும் என்னை நானே வெறுக்கிறேன்.

திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. மாசிமா என்று நாம் கூப்பிடுகிற கீழ்வீட்டு அம்மா, தன் மகன் உன்னை டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறான் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. அழவே இல்லையாம்.

நீ சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாய். திரும்பாமலே கேட்டாய்.

"கிடைச்சுதா?"

கிடைத்தது என்றேன்.

வலி என்று சொன்னவளை விட்டுவிட்டு எப்படிப் போக மனசு வந்தது என்று உன் அம்மா பிறகு கேட்டார். குக்கர் சத்தத்தில் காதில் விழவில்லை என்றேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். "ஆமாம்மா, நான் மெதுவாத்தான் சொன்னேன்" என்றாய்.

அதற்குப் பிறகு நமக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. இப்போது நீ போயும் மூன்று மாதமாகிறது.

அன்றைக்கு நீ குக்கரே வைக்கவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும்தான் போனேன்.